முன்மண்டையும் பின்மண்டையும்

யாராவது தன்னைப் பாராட்டினால் தீனியக்கா முதலில் பார்ப்பது பாராட்டியவரின் கையை. அதில் ஒரு குடுவையோ தட்டோ இருந்தே தீரும் என்பது அவளுடைய இருபத்தாறு வருட அனுபவம். "உங்க கைராசி யாருக்கும் வராதுக்கா" என்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை எங்கள் செல்களுக்கும் கொஞ்சம் தீனி போட்டுவிடுங்கள் என்று முடிப்பார்கள். அவள் போட்டுவிடுவாள். பாராட்டை மட்டும் தொடமாட்டாள்.

தோல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறக்கக் கூடாத ஓர் அறை அவளுடையது. மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் குடுவைகளில் வளர்க்கிற அறை. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோஜா நிறத்தில் இருக்கும் புதுத் திரவத்தை ஊற்ற வேண்டும். குடுவை நிறைந்துவிட்டால் செல்களைப் பெயர்த்தெடுத்து இரண்டு குடுவையாகப் பிரிக்க வேண்டும். அதற்கு அவள் வைத்த பெயர் 'வீடு மாத்தறது'. ஒருமுறை வந்திருந்த விருந்தாளியிடம் பேராசிரியர், "இவங்கதான் எங்க ஆய்வகத்தோட உயிர்நாடி" என்றார். "மாடு மேய்க்கிற வேலைதாங்க. மாடு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாள் தீனியக்கா, குனிந்த தலை நிமிராமல்.

கதவுக்கு மேலே 'மயிர்க்கால் மூப்பியல் பிரிவு' என்று ஒரு பலகை இருந்தது. எந்தப் புண்ணியவானோ ஆணியால் சுரண்டி முதல் மூன்று எழுத்துகளை மட்டும் விட்டுவைத்திருந்தான். அதை மாற்ற நிர்வாகத்துக்கு நாலு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த ஒரு சொல்லின் கீழேதான் எல்லோரும் வேலைக்குப் போய்வந்தார்கள். ஆராய்ச்சியைப் பற்றி ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு இருந்த அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுவேதான். அவள் மாமியார் மட்டும் உறவுக்காரர்களிடம், "மருமக தோல் டிபார்ட்மெண்ட்ல இருக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

தீனியக்கா அங்கே சேர்ந்தது குடுவை கழுவுகிற வேலைக்கு. அப்போது வயது இருபத்துமூன்று. கழுவுகிறவளுக்கு நுண்ணோக்கியைத் தொட உரிமை கிடையாது. ஆனால் துடைக்கிற உரிமை உண்டு. துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் கண்ணை வைத்தாள். இரண்டு வருடத்தில், எந்தக் குடுவை நாளைக்குக் கெட்டுப்போகும் என்று முதல்நாளே சொல்லத் தொடங்கினாள். அதன்பிறகு கழுவுவதற்கு வேறு ஆள் போட்டார்கள்.

முடியின் மேல் அவளுக்கு மரியாதை எதுவும் இல்லை. வெளியே தெரிவது செத்த சரக்கு என்பாள். உள்ளே, தோலுக்கு அடியில், மயிர்க்காலின் அடிமட்டத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு செல் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. அதுதான் முதலாளி. மேலே எவ்வளவு பருமனான முடி முளைக்க வேண்டும், எத்தனை வருடம் வளர வேண்டும், எப்போது விழ வேண்டும் என்பதெல்லாம் அந்த உருண்டையின் முடிவு. முதலாளி இளைத்தால் முடியும் இளைக்கும்.

இந்த ஞானம் அவளுக்கு வீட்டில் உபயோகப்பட்டது. ஏனென்றால் அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், ஊரறிந்த வழுக்கை.

கல்யாணத்தன்று மாஸ்டருக்கு இருந்த முடியில் சீப்பு சிக்கிக்கொள்ளும். முப்பத்தொரு வயதில் நெற்றியின் இரண்டு ஓரமும் பின்வாங்கின. நாற்பதில் உச்சி வெளுத்தது. இப்போது ஐம்பத்துமூன்று, காதுக்குக் காது ஒரு வேலி மட்டும் மிச்சம். காரில் அவர் உட்காருவது கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கை. மாஸ்டர் பார்ப்பதற்கென்றே இன்னொரு கண்ணாடி அங்கே ஒட்டப்பட்டிருக்கும். பின்னால் வரும் லாரியைப் பார்க்க வைத்த அந்தக் கண்ணாடியில் இருபது வருடமாக அவர் தன் தலை போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கொட்டிப்போச்சு" என்பார்.

"கொட்டலீங்க. சுருங்கிப்போச்சு. எல்லார் தலையிலயும் முடி கொட்டித்தான் முளைக்குது. உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் மெலிசா, குட்டையா முளைக்குது. ஆறு வருஷம் வளர வேண்டியது ரெண்டு வருஷமாச்சு, அப்புறம் ஆறு மாசமாச்சு. இப்பவும் அந்த ஓட்டையில ஆள் இருக்கான்."

"வாடகையும் குடுக்காம காலியும் பண்ணாம இருக்கானா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

யார் கொடுத்த சொத்து இது என்பதில் அந்த வீட்டில் நிரந்தரச் சண்டை. மாஸ்டரின் அம்மா, எழுபத்துநாலு வயதிலும் கொண்டை போடுகிறவள், "எங்க பக்கத்துல யாருக்கும் இந்தக் கேடு கிடையாது, இது உங்கப்பன் வழி" என்பாள். அவள் தலைக்கு மேலேயே சுவரில் அவளுடைய இரண்டு அண்ணன்மாரின் படம் மாட்டியிருந்தது. படம் எடுத்தவன் விளக்கை எங்கே வைத்தான் என்பது இரண்டு மண்டையிலும் தெளிவாகத் தெரியும். ஆண் ஹார்மோனைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி ஒன்று உண்டு, அதன் செய்முறை X குரோமோசோமில் இருக்கிறது, ஆண்பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் என்று தீனியக்கா ஒருமுறை விளக்கினாள். அப்பா வழியிலும் வேறு பல மரபணுக்கள் கைகொடுக்கும் என்று நியாயமாகச் சேர்த்தும் சொன்னாள். மாமியார் மூன்று நாள் பேசவில்லை. "நான் அவனுக்குக் கொக்கி குடுத்தேனாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

மாஸ்டரை உண்மையில் குழப்பியது வேறு. "அப்ப பின்னாடி மட்டும் ஏன் போகல? அதே மண்டைதானே? அதே ரத்தம்தானே?"

இந்தக் கேள்விக்குத் தீனியக்காவுக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அவர் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான் என்று இன்றும் சொல்வாள். ரத்தத்தில் ஓடுகிற உத்தரவு ஒன்றேதான். தாடிக்கு அது வளரச் சொன்ன மாதிரி கேட்கிறது. முன்மண்டைக்குச் சுருங்கச் சொன்ன மாதிரி கேட்கிறது. பின்மண்டைக்குக் காதே கேட்பதில்லை. ஒரு மனிதன் ஒரே ஆள் என்பது அடையாள அட்டைக்குச் சரி. அவனுடைய தோல் அப்படி எதையும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

முன்மண்டை உருண்டையின் செல்களை எடுத்துக் குடுவையில் போட்டால் இந்த வித்தியாசம் இன்னும் வெட்டவெளிச்சமாகும். நாலாவது, ஐந்தாவது வீடு மாற்றத்திலேயே அவை கிழடு தட்டிவிடும். செத்துப்போனால்கூடப் பரவாயில்லை. சாகாது. பிரிவதை நிறுத்திவிட்டு, தட்டையாகப் பரந்து உட்கார்ந்துகொண்டு, அக்கம்பக்கத்துச் செல்களுக்கும் 'நீயும் நிறுத்து' என்று ரசாயனச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஆபீசுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை செய்கிறவனையும் கெடுக்கிற ஆளைப் போல. ஒரு சாயம் ஊற்றினால் இந்தக் கிழங்கள் மட்டும் நீலமாகிவிடும். பின்மண்டைச் செல்களோ பல வீடு மாறியும் சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

பேராசிரியருக்கு வயது முப்பத்தெட்டு. தீனியக்காவை அக்கா என்று கூப்பிடுவார். தீனியக்கா அவரை மேடம் என்பாள். கிழடு தட்டுவதைத் தடுக்கிற மருந்தைத் தேடி அவர் பதினாறு ரசாயனங்களில் தோற்றிருந்தார். பதினேழாவதைச் சோதிக்க, ஒரே ஆளின் முன்மண்டையும் பின்மண்டையும் தேவைப்பட்டன. அனுமதிக் குழு நாலு பேரை ஒப்புக்கொண்டது. மூவரின் செல்களைப் பூஞ்சை தின்றுவிட்டது. நாலாவது ஆள் மாஸ்டர். தோல் டாக்டர் அவர் தலையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பென்சில் ரப்பர் அளவுக்குத் துளை போட்டு எடுத்தார். மாஸ்டர் அதன்பிறகு ஒரு வாரம், "ஆராய்ச்சிக்கு மண்டையக் குடுத்திருக்கேன், சத்தமா பேசாதீங்க" என்று கற்றுக்கொள்ள வருகிறவர்களை மிரட்டினார்.

செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் இரண்டு தட்டுகள். மேல்தட்டில் மருந்து சேராத குடுவைகள். கீழ்த்தட்டில் பதினேழு சேர்த்தவை. இரண்டிலும் இடது பக்கம் முன்மண்டை, வலது பக்கம் பின்மண்டை. குடுவையில் மார்க்கரால் எழுதுவார்கள்தான். ஆனால் உள்ளே கிருமி போகாமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், துடைத்தால் எழுத்து அழிந்துவிடும். அதனால் தீனியக்கா இடத்தை வைத்து அடையாளம் கண்டு, அழிந்ததை மறுபடி எழுதுவாள். இருபத்தாறு வருடத்தில் இந்த முறையில் ஒரு பிசகு வந்ததில்லை. வந்ததில்லை என்பதாலேயே அதை யாரும் கேள்வி கேட்டதும் இல்லை.

ஏழாவது வாரம் பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல், "அக்கா, இங்க வாங்க" என்றார். மேல்தட்டில் எல்லாம் வழக்கம்போல: முன்மண்டை கிழடு, பின்மண்டை வாலிபம். கீழ்த்தட்டிலோ பதினேழு சேர்த்த முன்மண்டை பெருகி வழிந்துகொண்டிருந்தது. அதைவிட விசித்திரம், பதினேழு சேர்த்த பின்மண்டை கிழடாகிக் கிடந்தது.

அதற்கும் ஒரு கொள்கை இரண்டே நாளில் தயாராகிவிட்டது. நோயுள்ளதைக் குணமாக்கி, ஆரோக்கியமானதைத் தண்டிக்கிற மருந்து. எது எது என்று அதற்கே தெரிகிறது. பேராசிரியர் வெள்ளைப் பலகை முழுக்க அம்புக்குறிகள் வரைந்தார். படித்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றித் தீனியக்காவுக்கு ஓர் எண்ணம் உண்டு: எதைக் காட்டினாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள், அதுவே அவர்களுடைய பெரிய பலவீனம். அன்று அதைச் சொல்லாமல் பலகையைத் துடைக்கவேண்டாம் என்று மட்டும் கழுவுகிறவளிடம் சொல்லிவைத்தாள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாஸ்டர் வேறு ஆளானார். மனிதர்களுக்குப் பூச அனுமதி கிடைத்ததும் முதல் தலை அவருடையதுதான் என்று பேராசிரியர் வாயால் சொல்லியிருந்தார். மாஸ்டர் ஒரு புதுச் சீப்பு வாங்கினார். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, பல் துலக்குகிற பிரஷ்ஷுகளுக்குப் பக்கத்தில் அதை நிற்கவைத்தார்.

"எதுக்கு இப்பவே?" என்றாள் தீனியக்கா.

"பழகணும்ல. கை மறந்திருக்கும்."

ஐம்பத்துமூன்று வயது ஆள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது.

இன்குபேட்டரைக் காலிசெய்து கழுவும் நாள் வந்தது. தட்டுகளைப் பாதி வெளியே இழுத்து ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டிருந்தவள், கீழ்த்தட்டின் முன் வலது மூலையில் கட்டைவிரலால் ஒரு நசுங்கலைத் தடவினாள். அந்த நசுங்கல் அவளுக்குப் பழக்கம். பல வருடம் முன்பு அவளே கீழே போட்டதால் வந்தது. அது எப்போதும் பின் இடது மூலையில், சுவரைப் பார்த்து இருக்கும். அசிங்கம் தெரியக் கூடாதென்று அவள்தான் அப்படி வைத்தாள். இப்போது முன் வலதில் இருந்தது. தட்டு முழுக்கத் திரும்பியிருக்கிறது.

துணியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினேழு சேர்க்க ஆரம்பித்த இரண்டாம் நாள் பழைய இன்குபேட்டர் கெட்டு, புதியது வந்தது. புதியதன் கதவு எதிர்ப்பக்கம் திறக்கும். மேல்தட்டை நேராக வைத்தாள். கீழ்த்தட்டைக் கதவு இடித்ததால் அதை அரைச்சுற்று திருப்பி, மறுமுனையை முதலில் விட்டு உள்ளே தள்ளினாள். குடுவைகள் தட்டோடு சேர்ந்து திரும்பிவிட்டன. அடுத்த முறை துடைத்தபோது எழுத்து அழிந்தது. இடது என்றால் முன்மண்டை. எழுதினாள். அந்த இளம் பருவத்தில் இரண்டுக்கும் பார்க்க வித்தியாசம் கிடையாது.

அப்படியானால் பதினேழு எதையும் செய்யவில்லை. பெருகியது பின்மண்டை, அது எப்போதும் பெருகும். கிழடானது முன்மண்டை, அதன் தலைவிதி அதுதான். உலகத்தில் எவருக்கும் கிடைக்காத மருந்து என்று பலகையில் அம்புபோட்டிருந்தது அவளுடைய ஒரு திரும்பிய தட்டு.

ஆனால் நிச்சயமா? தட்டு வேறொரு நாள் காலியாக இருந்தபோதும் திரும்பியிருக்கலாம். இரண்டு வேறு ஆட்களின் செல் என்றால் மரபணுச் சோதனை ஒரே நாளில் சொல்லிவிடும். இங்கே இரண்டும் ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபணு. ஹார்மோன் கொக்கியை எண்ணிப் பார்க்கலாம் என்றால், இத்தனை வீடு மாறிய செல்களில் அந்தக் கொக்கிகள் தேய்ந்திருக்கும். உறையவைத்த மிச்சமும் இல்லை.

மறுநாள் காலை, காப்பி ஆறுவதற்குள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்த இடம் கிடைக்காமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"நான்தான்."

"உன்னைத் தவிர?"

"இல்ல."

"அப்ப சும்மா இரேன். ஒருவேளை தட்டு திரும்பாம இருந்திருந்தா? நீயா எதுக்கு என் தலையில மண்ண அள்ளிப் போடுற? இருபது வருஷமா இப்படியே அழகா இருக்கீங்கன்னு சொல்றியே, அது மட்டும் உண்மையா?"

"அது பழக்கம். இது வேலை."

மாஸ்டர் காப்பியைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

பேராசிரியர் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். தட்டைக் கையில் வாங்கி நசுங்கலைத் தடவிப் பார்த்தார். எட்டு வாரத்தில் பெரிய மாநாடு. மேடை கிடைத்திருந்தது. "அக்கா, உங்களுக்கு எத்தனை சதவீதம் நிச்சயம்?"

"எனக்குச் சதவீதமெல்லாம் தெரியாது மேடம். அந்தக் கிழடுகளைத் தினமும் பார்க்கிறேன். அது முன்மண்டை உட்கார்ற தினுசு."

பேராசிரியர் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் அழவில்லை. "தூக்கிக் குடுத்துட்டுப் புடுங்கிக்கிட்டீங்களே" என்றார், குழந்தையைப் போல. பிறகு பேராசிரியராகத் திரும்பினார். மறுபடி செய்து பார்ப்பது ஒன்றுதான் வழி. புது ஆள் என்றால் அனுமதிக் குழு கூட ஆறு மாதம் ஆகும். ஏற்கெனவே அனுமதித்த நாலு பேரில் இரண்டு பேர் ஊர் மாறிவிட்டார்கள், ஒருவர் தலையைத் தொடவிடமாட்டேன் என்கிறார். மிச்சம் மாஸ்டர்.

"அவர்கிட்ட நான் கேக்கவா?" என்றாள் தீனியக்கா.

"நீங்க கேக்கக் கூடாது. மனைவி கேட்டா அது வற்புறுத்தல்னு விதியில இருக்கு. நானும் கேக்கக் கூடாது, எனக்கு இதுல லாபம் இருக்கு. தோல் டாக்டர் கடிதம் அனுப்புவார். அவரா வந்து அவரா கையெழுத்துப் போடணும்."

கடிதம் வந்தது. 'தங்கள் விருப்பத்தின் பேரில்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மாஸ்டர் அதைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்தபடியே வைத்தார். தீனியக்கா அதைப் பார்த்தாள், பாத்திரத்தை நகர்த்திவைத்தாள். அடுத்த நாளும் கடிதம் அங்கேயே இருந்தது. மாமியார் அதன்மேல் டம்ளரை வைத்ததில் வட்டமாகக் கறை படிந்தது.

மாஸ்டரின் நிலைமை சங்கடமானது. அவள் கெஞ்சுவாள், தான் மறுக்கலாம் என்று எதிர்பார்த்திருந்தார். மறுப்பதற்கு நல்ல நல்ல வசனங்கள்கூட வைத்திருந்தார். கெஞ்சவே மாட்டேன் என்கிற பெண்டாட்டியிடம் எதை மறுப்பது? கோபமெல்லாம் காரில் இறங்கியது. மூன்று நாளில் இரண்டு பேர் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு பாங்க் மேனேஜர் அம்மாள், "கிளட்ச்ச மிதிக்கச் சொல்றாரா என்னை மிதிக்கச் சொல்றாரான்னே தெரியல" என்று முதலாளியிடம் புகார் சொன்னார்.

நாலாம் நாள் காலை வெடித்தார்.

"கேளேன்! ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கக் கூடாது."

"ஏன், வாய் வலிக்குதா?"

"விதி."

"புருஷன்கிட்ட பேசுறதுக்கு விதியா?"

"உங்க மண்டையப் பத்தி மட்டும். மத்ததெல்லாம் பேசலாம். தண்ணி வரல, மோட்டார் போடுங்க."

மாஸ்டர் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இல்லன்னு தெரிஞ்சா தூங்கிடுவேன். உண்டுன்னு தெரிஞ்சாலும் தூங்கிடுவேன். இது ரெண்டுக்கும் நடுவுல கெடந்து அரிக்குது பாரு, அதுதான் தாங்கல. நீ வாய தெறக்காத. விதிய மீறின மாதிரி ஆயிடும்." கடிதத்தை மடித்து, டம்ளர் கறையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் பெருந்தன்மையால் போனார் என்று பேராசிரியர் பின்னால் ஒரு கூட்டத்தில் சொன்னார். தீனியக்காவுக்கு அதில் உடன்பாடில்லை. அரிப்பால் போனார். ஆனால் போனார், பெருந்தன்மை உள்ளவர்கள் பலர் போகாத இடத்துக்கு.

இம்முறை குடுவைகளில் எழுத்து இல்லை. ஊசியால் பிளாஸ்டிக்கிலேயே கீறினார்கள். தட்டுகளின் மூலையிலும் கீறினார்கள். எட்டாவது வாரம் மாநாட்டு மேடையில் பேராசிரியர் பதினேழைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; வேறொரு பழைய ஆய்வைப் படித்துவிட்டு இறங்கினார். ஒன்பதாவது வாரம் ஒவ்வொரு வகையிலும் ஒரு குடுவையில் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். பதினேழு சேர்த்த முன்மண்டை, சேர்க்காத முன்மண்டை, இரண்டும் ஒரே நீலம். பின்மண்டைகள் இரண்டும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. மருந்துக்குக் குணமும் இல்லை, குற்றமும் இல்லை. தண்ணீர் ஊற்றியிருந்தாலும் இதேதான்.

மாஸ்டர் வகுப்புக்கு நடுவே வந்தார். கீழே தெருவில் அந்த பாங்க் மேனேஜர் அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரில் உட்கார்ந்திருந்தார். எப்படியோ அவர் மட்டும் விட்டுப்போகவில்லை. அறைக்குள் வர வேண்டுமென்றால் காலணிக்கு மேல் நீலப் பை மாட்ட வேண்டும். மாஸ்டர் மாட்டிக்கொண்டு வந்து நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். வலது கண், இடது கண் என்று மாற்றி மாற்றி வைத்து, ஒருவழியாகப் பிடித்தார்.

"இதுவா நான்?"

"உங்க முன்மண்டை."

"இவ்வளவு எடத்த அடைச்சுக்கிட்டு ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருக்கான். எங்க முதலாளியோட மச்சான் மாதிரி." கண்ணை மாற்றி வைத்தார். "செத்துட்டானா?"

"இதுல சாயம் ஊத்துனதால செத்துட்டான். அந்தக் குடுவையில சாயம் ஊத்தல. அதுல உயிரோடதான் இருக்கான். தின்றான், மூச்சு விடுறான். பெருகத்தான் மாட்டான்."

"எத்தனை நாளைக்கு?"

"மாசக்கணக்குல இருப்பான்."

மாஸ்டர் தலையை எடுத்தார். கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் ரப்பர் வளையம் பதிந்திருந்தது. அவள் நினைத்த எதையும் அவர் கேட்கவில்லை. பதினெட்டு எப்போது வரும் என்று கேட்கவில்லை. சீப்பைப் பற்றிப் பேசவில்லை.

"நீ இத முதல்ல பார்த்தப்ப என்ன நெனச்ச?"

தீனியக்கா திரவம் உறிஞ்சும் குழாயின் நுனியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். சொல்வதற்கு வசதியான பதில் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. "என் கண்ணு தப்பாகலன்னு நெனச்சேன்" என்றாள்.

"சந்தோஷப்பட்டிருக்க."

"ஆமா."

"கொஞ்சமாவது வருத்தப்பட்டிருக்கலாம்."

"படாம என்ன? பட்டேன். ரெண்டாவதா பட்டேன்."

மாஸ்டர் அதை யோசித்தார். ஒரு வண்டி ரிவர்ஸில் வருவதை எத்தனை தூரம் விடலாம் என்று பார்க்கிற முகம் அது. கீழே ஹாரன் அடித்தது. ஒருமுறை, பிறகு பொறுமையில்லாமல் நீளமாக.

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"கையக் கழுவிட்டு வர்ற நேரம்."

"அப்ப சரி" என்றார். எழுந்து, ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, படியிறங்கிப் போனார்.

திறக்கக் கூடாத ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் நீலப் பைகளைக் கழற்ற மறந்து, அப்படியே தெருவில் நடந்துகொண்டிருந்தார். எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி நின்று அவர் காலையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். தீனியக்கா தாழ்ப்பாளை நெம்பி ஜன்னலைத் திறந்தாள்.

"என்னங்க! கால்ல!"

தெருவே நிமிர்ந்து பார்த்தது. மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்று பையை இழுத்தார்.